சர்க்கரை, சிறுநீரகம், மண்ணீரல்: எந்த நோயாளிக்கு எந்தத் தடுப்பூசி முதலில்?

இந்தியாவில் அரசின் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாக வைத்தே நடக்கிறது. நாற்பது, ஐம்பது வயதில் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ மூட்டுவாதமோ வந்த ஒருவர், நாய்க்கடி ஊசி, டெட்டனஸ் ஊசி போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் பெரும்பாலும் கைக்காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பரிந்துரைப் பட்டியல்கள் இன்ன நோய் உள்ளவர் இன்னின்ன ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடும். மாதாந்திர மாத்திரைச் செலவுக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அது பாதி விடைதான். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்க முடியாதபோது எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிவைத்தால் பாதகமில்லை, எதைத் தள்ளிவைத்தால் பிறகு போட்டும் பயனில்லாமல் போகும் என்பதுதான் இங்கே தீர்மானிக்க வேண்டியது.

இந்த வரிசையை விலையை வைத்தோ, அந்த மாதம் செய்தியில் அடிபடும் தொற்றை வைத்தோ போடக் கூடாது. தனக்கிருக்கும் நோய் எந்தத் தொற்றை உயிர்க்கொல்லியாக மாற்றுகிறது என்பது முதல் கேள்வி. இன்று போட்டால் எழும் எதிர்ப்புச் சக்தி, ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ கழித்துப் போட்டாலும் அதே அளவுக்கு எழுமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை மருத்துவர்கள் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் நோயாளி டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகோ, கீமோ தொடங்கிய பிறகோதான் நினைவுக்கு வருகிறது.

மிகப் பரவலான நிலையிலிருந்து தொடங்கலாம். ஐம்பத்தைந்து வயதில் பத்தாண்டுச் சர்க்கரை நோயும், அதோடு இரத்த அழுத்தமோ இதய அடைப்போ உள்ளவர் முன்னால் நான்கு ஊசிகள் இருக்கின்றன: ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்), அக்கி. இவற்றில் ஃப்ளூ ஊசிக்கும் நிமோனியா ஊசிக்கும்தான் உண்மையான போட்டி. ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்பது குறையாகத் தோன்றினாலும், ஒரு தவணையின் விலை குறைவு. அதன் பயனும் நுரையீரலோடு நிற்பதில்லை. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு வீடு திரும்பும் முன்பே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஊசி போட்ட பிரிவில் 5.3 சதவீதம், போடாத பிரிவில் 7.2 சதவீதம். இதய நோயும் சேர்ந்த சர்க்கரை நோயாளிக்கு வரிசையின் தலையில் ஃப்ளூ ஊசியை வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஃப்ளூ ஊசியிலும் தெரிந்துகொள்ள வேண்டிய தேர்வுகள் உண்டு. பெட்டியின் மேல் வட அரைக்கோளம் அல்லது தென் அரைக்கோளம் என்பதும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கான கலவையைப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கானதைச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறுகிறது. சென்னை, வேலூர்ப் பகுதிகளில் அது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் உச்சம் தொடுவது கண்காணிப்பு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், தமிழகத்தில் இருப்பவருக்குச் செப்டம்பர் மாதமும் அப்போது கிடைக்கும் மிகப் புதிய கலவையும் பொருத்தமானவை. நான்கு வகை ஊசி மூன்று வகையைவிட மேலானது என்று கூடுதல் விலை கேட்டால், அதற்கு இப்போது வலுவான காரணம் இல்லை. நான்காவதாகச் சேர்க்கப்பட்டிருந்த யமகாட்டா வகை வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் கண்டறியப்படவில்லை, அதனால் உலக சுகாதார நிறுவனமே அதைக் கலவையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டது. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆனது. நாள்பட்ட நோயுள்ளவர்கள் அதைத் தவிர்த்து ஊசியையே கேட்க வேண்டும்.

நிமோனியா ஊசிதான் இந்தப் பட்டியலில் அதிகக் குழப்பம் தருவது, ஏனென்றால் அந்தப் பெயரில் இரண்டு வேறுபட்ட மருந்துகள் விற்கப்படுகின்றன. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் மேலுறையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த பாலிசாக்கரைடு ஊசி 23 வகைகளை அடக்கியது, 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. அதே மேலுறையை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செய்த கான்ஜுகேட் ஊசியில் 13, 15, 20, 21 வகைகள் என அடுத்தடுத்து வந்திருக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 23 என்பது 13-ஐவிடப் பெரியது, விலையும் மலிவு, அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும். ஆனால் புரதம் சேராத மேலுறையை உடல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். கான்ஜுகேட் ஊசி நினைவுச் செல்களை உருவாக்குகிறது. நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 84,000 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், 13 வகை ஊசி அந்த வகைகளால் வரும் நிமோனியாவை 46 சதவீதமும், இரத்தத்தில் பரவும் தீவிர நோயை 75 சதவீதமும் குறைத்தது. எல்லா நிமோனியாவையும் அது தடுத்துவிடும் என்று சொல்லி விற்பவர் மிகைப்படுத்துகிறார்.

20 வகைக் கான்ஜுகேட் ஊசி கிடைத்தால் கேள்வி எளிதாக முடிந்துவிடுகிறது: ஒரே தவணை, அதற்குப் பின் 23 வகை தேவையில்லை. இந்தியச் சந்தைக்கு அது அண்மையில் வந்தது என்பதால் எல்லா ஊர் மருந்துக் கடையிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அது கிடைக்காத இடத்தில் 13 வகையை முதலில் போட்டு, சர்க்கரை, இதயம், நுரையீரல் நோயுள்ளவர் ஓராண்டு கழித்தும், சிறுநீரகச் செயலிழப்பும் எதிர்ப்புச் சக்திக் குறைவும் உள்ளவர் எட்டு வாரம் கழித்தும் 23 வகையைப் போட்டுக்கொள்வது முறை. இந்தப் பின்னவர்களுக்கு ஐந்து ஆண்டு கழித்து 23 வகையின் இன்னொரு தவணையும் சேரும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கான்ஜுகேட் ஊசியையே எடுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 23 வகையை முதலில் போட்டுவிட்டால் பின்னால் வரும் கான்ஜுகேட் ஊசிக்கு உடல் மந்தமாகவே பதிலளிக்கிறது. மலிவு என்று தொடங்கியவர் அடுத்ததற்கு ஓராண்டாவது காத்திருக்கவும் வேண்டும். ஏற்கெனவே 23 வகை போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டியதில்லை. அந்த ஓராண்டு கழிந்ததும் 20 வகை ஒரு தவணை போட்டால் கணக்கு முடிந்தது. எந்த ஊசியை எந்தத் தேதியில் போட்டார்கள் என்ற குறிப்பு இல்லாமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டைச் சர்க்கரை நோட்டிலேயே ஒட்டி வைப்பது நல்லது.

சர்க்கரை நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஒரே குளுக்கோமீட்டரையும் விரல் குத்தும் ஒரே பேனாவையும் பயன்படுத்துவது, முகாம்களில் வரிசையாகப் பலர் விரலை நீட்டுவது ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்; ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஒட்டியிருக்கலாம், அந்த வைரஸ் உலர்ந்த பரப்பிலும் ஏழு நாள் வரை தாக்குப்பிடிக்கும். இந்தியக் குழந்தைகள் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுவதும் சேர்ந்தது 2011-இல்தான் என்பதால், இன்றைய நடுத்தர வயதினரில் பெரும்பாலோர் இதைப் போட்டுக்கொண்டதே இல்லை. விலை அதிகமில்லை, மூன்று தவணைகளில் பரவிவிடும் செலவு என்பதால் ஃப்ளூ, நிமோனியா ஊசிகளுக்கு அடுத்த இடத்தில் இதை வைக்கலாம். சிறுநீரகம் பழுதாவதன் அடையாளமாகச் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிட்ட சர்க்கரை நோயாளிக்கோ இது மூன்றாம் இடத்தில் நிற்காது. அங்கே இதுதான் முதல்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நலமாக இருக்கும் இளம் வயதினரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைட்டிஸ் பி ஊசியால் போதிய எதிர்ப்புச் சக்தி பெறுகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கியவர்களில் அது ஐம்பது, அறுபது சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் அவர்களுக்கு 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 மைக்ரோகிராமும், மூன்று தவணைக்குப் பதில் நான்கு தவணையும் கொடுக்கிறார்கள்: தொடக்கத்தில் ஒன்று, பின் முதல், இரண்டாம், ஆறாம் மாதங்களில் ஒவ்வொன்று. மொத்தம் 60 மைக்ரோகிராமில் முடிந்திருக்க வேண்டியது 160 ஆகிறது. அப்படியும் பலன் குறைவு. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரண்டில் நிற்கும்போது போடுவதற்கும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (இரத்தக் குழாய் இணைப்பு) வைத்த பிறகு போடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். டயாலிசிஸ் மையங்களில் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரமும் தனி இடமும் ஒதுக்குவது அங்கே அந்தத் தொற்று எவ்வளவு எளிதில் பரவும் என்பதைக் காட்டுகிறது. இன்னும் டயாலிசிஸ் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும் அந்த ஓரிரு ஆண்டுகளே இந்த ஊசிக்கு உரிய காலம். சொல்லப்போனால், அந்தச் செய்தியைக் கேட்டு நிம்மதியோடு வீடு திரும்பும் அன்றே முதல் தவணையைப் போட்டுவிடலாம்.

ஊசி போட்டதோடு சிறுநீரக நோயாளிக்கு வேலை முடிவதில்லை. கடைசித் தவணைக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்குப் பத்து அலகுக்குக் குறைந்தால் தவணைகளை மறுபடி போட வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர் அதன் பிறகும் ஆண்டுக்கொரு முறை பார்த்து, அளவு பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒரு ஊக்கத் தவணை எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக இந்தச் சோதனை தேவையில்லை. ஊசியைத் தோள் தசையில்தான் போட வேண்டும். நம் ஊரில் இடுப்பில் போடச் சொல்லிக் கேட்கும் வழக்கம் இருக்கிறது, ஆனால் அங்கே போட்ட ஹெபடைட்டிஸ் பி ஊசி கொழுப்பில் தங்கி வீணாவது அறியப்பட்ட செய்தி. ஃபிஸ்டுலா உள்ள கையை விட்டுவிட்டு மற்றத் தோளைக் காட்ட வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கு இதே காலக் கணக்கு இன்னும் கறாரானது. சின்னம்மை, தட்டம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளை மாற்று அறுவைக்குப் பிறகு போட இயலாது. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே அவை முடிந்திருக்க வேண்டும். சின்னம்மை வந்ததா இல்லையா என்று நினைவில்லாதவர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களிடம்தான் உயிருள்ள ஊசி, உயிரற்ற ஊசி என்ற பிரிவினை உயிர் விஷயமாகிறது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுப்பவரை உயிருள்ள ஊசிகளின் கணக்கில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவராகவே எண்ண வேண்டும். நிறுத்திய பிறகும் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆப்பிரிக்க நாடொன்றுக்கு வேலைக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காகக் கிண்டி கிங் நிலையத்துக்குச் செல்பவர்கள், தாங்கள் எடுக்கும் ஸ்டீராய்டையும் மூட்டுவாத மருந்தையும் அங்கே சொல்லாமல் இருப்பது ஆபத்து. அந்த ஊசியும் உயிருள்ளதுதான், மருத்துவக் காரணத்துக்காக விலக்குச் சான்று தரும் வழியும் இருக்கிறது.

அக்கி ஊசியின் இடம் மாறுவது இந்த நோயாளிகளிடம்தான். பழைய அக்கி ஊசியான சோஸ்டாவேக்ஸ் உயிருள்ளது. பாதுகாப்பு ஏறத்தாழ பாதிதான். அமெரிக்கச் சந்தையிலிருந்து 2020-இல் விலகியும்விட்டது. புதியதான ஷிங்ரிக்ஸ் வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் கொண்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் 97 சதவீதமும், எழுபதுக்கு மேற்பட்டவர்களிடம் 90 சதவீத அளவிலும் பாதுகாப்புக் காட்டியது. இந்தியாவுக்கு 2023-இல் வந்தது. இரண்டு தவணையும் சேர்ந்தால் இந்தப் பட்டியலிலேயே பெரிய செலவு அதுதான். சர்க்கரை மட்டும் உள்ளவர், கையில் பணம் குறைவென்றால், இதைக் கடைசிக்குத் தள்ளுவதில் தவறில்லை. மூட்டுவாதத்துக்கோ, மாற்று உறுப்புக்கோ, புற்றுநோய்க்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கப்போகிறவர் இதை நிமோனியா ஊசியோடு சேர்த்து முன்னால் கொண்டுவர வேண்டும்; அவர்களுக்கு இரண்டு தவணைகளின் இடைவெளியை ஒன்று, இரண்டு மாதமாகச் சுருக்கவும் இடமுண்டு. இரண்டு நாள் காய்ச்சலும் தோள்வலியும் வருவது சகஜம் என்பதால் மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

மருந்துக்கு மருந்து கணக்கு மாறுகிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டுவாத மாத்திரை எடுப்பவர், மூட்டுநோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவைத்தால் ஊசி நன்றாக வேலை செய்கிறது. மற்ற உயிரற்ற ஊசிகளுக்கு நிறுத்த வேண்டியதில்லை என்பது அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் கழகத்தின் 2022 வழிகாட்டுதல். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான ரிடுக்ஸிமாப், எதிர்ப்பொருள் செய்யும் செல்களையே துடைத்துவிடுவதால், அதைப் போட்ட சில மாதங்களுக்குள் போடும் விலையுயர்ந்த ஊசி பெரும்பாலும் விழலுக்கு இறைத்த நீர். முதல் ரிடுக்ஸிமாபுக்கு முன்பே போட்டுக்கொள்வது சிறந்தது. தவறிவிட்டால், அடுத்த ரிடுக்ஸிமாபுக்கு நாள் நெருங்கும்போது நிமோனியா ஊசியைப் போட்டு, அந்த ரிடுக்ஸிமாபை இரண்டு வாரமாவது தள்ளச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம், பருவம் வந்ததும் போட்டுவிட வேண்டும்.

மண்ணீரல் இல்லாதவர்களின் நிலை தனி. பைக் விபத்தில் மண்ணீரல் கிழிந்து அதை எடுத்துவிட்டவர்கள், தலசீமியா என்ற இரத்த நோய்க்காக எடுத்தவர்கள், நீலகிரியின் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் நோயால் மண்ணீரல் சுருங்கிச் செயலிழந்தவர்கள் ஆகியோருக்கு, மேலுறை உள்ள மூன்று கிருமிகள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை: நிமோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி என்ற பாக்டீரியா). இவர்களுக்கு எது முதலில் என்று பணத்தை வைத்துப் பேச இடமில்லை. நிமோகாக்கஸ் ஊசி முதலில், மற்ற இரண்டும் அதை ஒட்டியே. திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது பதினான்கு நாள் முன்பு; விபத்தில் எடுத்திருந்தால் பதினான்கு நாள் கழித்து. ஹஜ் பயணிகளும் வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களும் போட்டுக்கொள்ளும் அதே நான்கு வகை மெனிஞ்சோகாக்கஸ் ஊசிதான் இங்கும், ஆனால் எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஐந்து ஆண்டுக்கொரு முறை. கடையில் கிடைப்பது அந்த ஊசியின் மெனாக்ட்ரா என்ற தயாரிப்பு என்றால் நிமோனியாக் கான்ஜுகேட் ஊசி முடிந்து நான்கு வாரம் கழித்தே அதைப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் நிமோனியா ஊசியின் பலன் குறைகிறது. இத்தனையும் போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் ஹெபடைட்டிஸ் பி, நிமோனியா ஊசிகளோடு ஹெபடைட்டிஸ் ஏ ஊசியையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் ஒரே தவணையில் முடியும் உயிருள்ள வகையும், ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை போடும் உயிரற்ற வகையும் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு எடுப்பவரும் கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவரும் இரண்டாவதையே கேட்டு வாங்க வேண்டும்.

ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லப்படும் காரணங்களில் பல நிற்பவை அல்ல. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஏழுக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கட்டில் இல்லாதவருக்கே தொற்றின் ஆபத்து அதிகம். ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் ஒரே நாளில் வெவ்வேறு தோளில் போடலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர் அதை முன்கூட்டியே சொன்னால், மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். முன்பு அதே ஊசிக்கு மூச்சுத் திணறும் அளவு ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கீலன் பாரே என்ற, கைகால்களைத் தளர்த்திவிடும் நரம்பு நோய் வந்திருந்தாலோ, அப்போது மருத்துவரோடு தனியாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

ஊசிக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நோயாளியைச் சுற்றி இருப்பவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைத் தடையின்றிப் போடலாம். சின்னம்மை ஊசிக்குப் பின் குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் மட்டும் அது காயும்வரை நோயாளியான பாட்டியின் மடியைத் தவிர்க்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து மலத்தில் வெளியேறும் என்பதால், மாற்று உறுப்பு பெற்றவர் வீட்டில் இருப்பதைக் குழந்தை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். செப்டம்பரில் ஒரே ஒரு ஃப்ளூ ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது நோயாளிக்கே. பலன் குறைந்தாலும் நோயின் கடுமை தணிகிறது. அண்மையில் ரிடுக்ஸிமாப் போட்டுக்கொண்டவர் வீட்டிலோ, அவருக்குச் சோறு ஊட்டி மாத்திரை கொடுப்பவருக்கும் இரண்டாவது ஊசியை வாங்க வழி பார்ப்பது, அந்த ஆண்டு அவருக்கு அக்கி ஊசி வாங்குவதைவிட முந்தியது.